அடிபடாமலே ரத்தக்கட்டு: குழந்தைக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஓரிடத்தில் உட்காரமாட்டாள். முழங்காலிலும் கெண்டைக்காலின் முன்புறத்திலும் எப்போதும் ஏதாவது கன்றிப்போன தடம் இருக்கும், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஐந்து நாட்களாகத் தொடையின் பக்கவாட்டில், வயிற்றில், முதுகில் என்று கருநீலமாகப் புதிது புதிதாக வருகிறது. கணுக்காலைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. கேட்டால், "விழலை, வலிக்கலை" என்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் சளியும் காய்ச்சலும் வந்து சரியாகிவிட்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். நான் வேலைக்குப் போவதால் பகலில் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். "குழந்தை எங்கேயாவது விழுந்தாளா அத்தை?" என்று கேட்டதற்கு, "நான் என்ன அடிச்சேனா?" என்று அழுதுவிட்டார். இரவில் கைபேசியில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்றே வருகிறது. மருத்துவரிடம் போனால் எங்களையே சந்தேகப்படுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது டாக்டர்? விளையாட விடலாமா?

பதில்: இதைப் படிக்கும் இன்றே குழந்தையைக் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவர் அநேகமாக முதலில் எழுதித்தரப்போவது இரண்டு பரிசோதனைகள். ஒன்று, ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை. ஆய்வகத்தில் 'சிபிசி' என்பார்கள். மற்றொன்று, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. 'ஸ்மியர்' என்று சொன்னால் புரியும். இரண்டுக்கும் ஒரே முறை ரத்தம் எடுத்தால் போதும், பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும். மாமியாரிடம் இனி ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்னால் இது நடக்கட்டும். அந்தத் தாளில் வரப்போகும் ஒரே ஒரு எண், உங்கள் வீட்டுச் சண்டைக்கே முகாந்திரம் இல்லாமல் செய்துவிடலாம்.

அவசரம் எதற்கு என்றால், நீங்கள் எழுதியிருக்கும் இடங்களுக்காக. நடக்கவும் ஓடவும் தொடங்கிய குழந்தை விழும்போது முதலில் தரையில் மோதுவது தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் இடங்கள்தான்: முழங்கால், கெண்டைக்காலின் முன்பக்கம், நெற்றி, முழங்கை. அங்கே நாலைந்து தடம் ஒரே நேரத்தில் இருந்தாலும் நாங்கள் கண்டுகொள்ளமாட்டோம். ஓடியாடும் குழந்தையின் காலில் ஒரு தடமும் இல்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியம். வயிறு, முதுகு, பிட்டம், கன்னம், காது, கழுத்து ஆகியவற்றின் கதை வேறு. விளையாட்டில் இவை சாதாரணமாக அடிபடுவதில்லை. இந்த இடங்களில் காரணம் தெரியாமல் ரத்தம் கட்டினால், அது ஒன்றே ஒன்றாக இருந்தாலும், ஏன் என்று கேட்டாகவேண்டும். எத்தனை தடம் என்பதைவிட எங்கே என்பதுதான் எங்களுக்கு அதிகம் சொல்லும். இன்னும் தவழவே ஆரம்பிக்காத கைக்குழந்தையாக இருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு சிறிய தடம் இருந்தாலும் அன்றே காட்டவேண்டும்; தானாக நகராத குழந்தைக்குத் தானாக அடிபடாது. (பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே சாம்பல் கலந்த நீலத்தில் இருக்கும் திட்டுகளைப் பார்த்துச் சிலர் பதறுவது உண்டு. அது தோலின் நிறமி; நாளுக்கு நாள் நிறம் மாறாது, வலிக்காது, வளர வளரத் தானே மங்கிவிடும்.)

அடுத்தது அந்தச் சிவப்புப் புள்ளிகள். ஒளி ஊடுருவும் கண்ணாடி டம்ளர் ஒன்றின் பக்கவாட்டை அவற்றின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கொசுக்கடி, வேர்க்குரு, ஒவ்வாமைத் தடிப்பு போன்றவற்றில் ரத்தம் குழாய்க்கு உள்ளேயேதான் இருக்கிறது. அழுத்தினால் சிவப்பு மறையும். மறையாமல் அப்படியே தெரிந்தால், ரத்தம் நுண்குழாயை விட்டு வெளியே கசிந்து தோலில் தங்கியிருக்கிறது என்று பொருள். உங்கள் மகளுக்கு அவை மறையாது என்றே எதிர்பார்க்கிறேன். நிற்கும்போது கால்களில் ரத்த அழுத்தம் அதிகம் என்பதால் இத்தகைய கசிவு கணுக்காலில்தான் முதலில் தலைகாட்டும்.

நுண்குழாய்களில் அன்றாடம் ஏற்படும் சிறு கசிவுகளை அடைப்பது ரத்தத்திலுள்ள தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏழு முதல் பத்து நாள். எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்த எண்ணிக்கை மிகவும் சரிந்தால் அடியே படாமல் ரத்தம் கட்டும், புள்ளிகள் வரும், பல் துலக்கினால் ஈறில் கசியும்.

எழுத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் மூன்றரை வயது, சில வாரங்களுக்கு முன் வந்துபோன வைரஸ் காய்ச்சல், திடீரென்று தோன்றிய தடங்களும் புள்ளிகளும், மற்றபடி ஓடி விளையாடும் குழந்தை — இப்படி ஒருவர் வந்து நின்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ஐடிபி' என்ற தட்டணுக் குறைவு நோய். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு மண்டலம் ஆள் அடையாளம் தவறித் தன் சொந்தத் தட்டணுக்களையே அழிக்கத் தொடங்கிவிடுகிறது. மஜ்ஜை நன்றாகத்தான் வேலை செய்கிறது; அது செய்து அனுப்புவதைவிட வேகமாக அழிவு நடக்கிறது, அவ்வளவே. எண்ணிக்கை 20,000-க்கும் கீழே போவது இதில் சாதாரணம். அந்த எண்ணைப் பார்த்தால் பெற்றோருக்குக் கால் நடுங்கும். குழந்தையோ எதிரே நாற்காலிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கும்.

ஐடிபி என்று உறுதியானால் நாங்கள் மருந்து எதுவும் தராமல் போகலாம், அப்போது திகைத்துவிடாதீர்கள். தோலில் மட்டும் தடங்கள் இருந்து வேறு எங்கும் ரத்தம் கசியாத குழந்தைக்கு, எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கவனமாகப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் இன்று ஏற்கப்பட்ட வழி. நான்கில் மூன்று குழந்தைகளுக்குமேல் ஓராண்டுக்குள் தானாகவே குணமாகிவிடுகிறார்கள். பலருக்குச் சில வாரங்களே போதும். வாயிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால் ஸ்டீராய்டு சில நாட்களுக்கு, அல்லது நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதம் தருவோம். மூளையில் ரத்தக்கசிவு என்பதுதான் எல்லோரும் அஞ்சுவது. அது நூறில் ஒரு குழந்தைக்கும் குறைவாகவே வருகிறது. "பிளேட்லெட் ஏற்றிவிடுங்கள்" என்று சில பெற்றோர் கெஞ்சுவார்கள். ஏற்றினாலும் அதே நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றையும் சீக்கிரமே அழித்துவிடும் என்பதால், உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தாலொழிய அதைச் செய்வதில்லை.

ரத்தப் புற்றுநோய்க்கு வருவோம், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. லுகேமியா எனப்படும் அந்தப் புற்றுநோயிலும் தட்டணு குறையும், ரத்தம் கட்டும். குழந்தைகளிடம் அது அதிகம் காணப்படும் வயதும் ஏறத்தாழ இதேதான். ஆகவே இணையம் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே நோய் மஜ்ஜைக்குள்ளேயே இருப்பதால் அது தட்டணுவோடு நிற்பது அரிது. ஹீமோகுளோபின் குறைந்து குழந்தை வெளிறிப்போகும், சுருண்டு படுக்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். கால் வலிக்கிறது என்று இரவில் எழுந்து அழும், நடக்க மறுக்கும், நொண்டும். கழுத்தில் நெறி கட்டும், கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை என்பது நல்ல செய்தி. முழு நிம்மதி அளிக்க அது போதாது, அதனால்தான் ஸ்மியரை வலியுறுத்துகிறேன். எந்திரம் தருவது எண்ணிக்கை. அனுபவமுள்ள ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அந்த அணுக்கள் எப்படி இருக்கின்றன, முதிராத அணுக்கள் கலந்திருக்கின்றனவா என்பது தெரியும். சில ரத்தத்தில் சோதனைக்குழாயில் இருக்கும் வேதிப்பொருளால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எந்திரத்துக்குக் குறைவாகத் தெரிவதும் உண்டு. தகட்டில் அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கும் ஒரு விஷயம்: ஸ்மியர் பார்த்து லுகேமியா இல்லை என்று தெளிவாவதற்கு முன் யார் சொன்னாலும் குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுக்கவேண்டாம். முன்பு ஒவ்வாமைக்கு எழுதித்தந்து மீதமிருக்கும் சிரப்பில் அது இருக்கக்கூடும். லுகேமியா அணுக்களைக்கூட ஸ்டீராய்டு தற்காலிகமாக அடக்கிவிடும். அடையாளம் மறைந்து, நோய் தெரியவரத் தாமதமாகும், சிகிச்சையும் சிக்கலாகும்.

எண்ணிக்கை இயல்பாக இருந்தால் விஷயம் முடிந்துவிடாது. தட்டணுக்கு அடுத்து ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளைப் பார்க்கவேண்டும். பிடி, ஏபிடிடி என்ற இரண்டு பரிசோதனைகளும் அதற்கு வாசல். அந்தக் காரணிகளில் ஒன்று குறைவதால் வரும் ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. நடக்கத் தொடங்கும் வயதில் பெரிய, கட்டியான ரத்தக்கட்டுகளாகவும் மூட்டு வீக்கமாகவும் வெளிப்படும். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பது அதை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. பெண் குழந்தை என்பதால் உங்கள் மகளுக்கு நான் அதிகம் யோசிப்பது வான் வில்லிபிராண்ட் நோயை. பரம்பரை ரத்தப்போக்கு நோய்களிலேயே மிகப் பரவலானது இதுதான். பிடி, ஏபிடிடி இரண்டும் சரியாக இருந்தும் இது ஒளிந்திருக்கலாம், தனியாகக் கேட்டுச் சோதிக்கவேண்டும். உங்களுக்கோ, உங்கள் தாய்க்கோ, நாத்தனாருக்கோ மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு இருந்ததா, யாருக்காவது பல் பிடுங்கியபின் ரத்தம் நிற்காமல் அவதிப்பட்டார்களா என்று கேட்டுவைத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

பிட்டத்திலும் கால்களின் பின்புறத்திலும் தொட்டால் தட்டுப்படும்படி மேடான செந்தடங்கள் வந்து, கூடவே வயிற்றுவலியும் மூட்டுவலியும் இருந்தால் அது ரத்தக்குழாய்களின் அழற்சி. அதில் தட்டணு இயல்பாகவே இருக்கும். சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது என்பதால் சில மாதங்கள் சிறுநீரைச் சோதித்துக்கொண்டே வரவேண்டும்.

இனி, எங்களைச் சந்தேகப்படுவார்களோ என்ற பயம். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: கேட்பார்கள். பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறாள், யாரெல்லாம் வந்துபோகிறார்கள், எப்போது கவனித்தீர்கள் என்று கேட்பார்கள். உடைகளைக் களைந்து காதுக்குப் பின்னால், வாய்க்குள், பிட்டத்தில் என்று எல்லா இடமும் பார்ப்பார்கள். வயிற்றிலும் முதுகிலும் ரத்தக்கட்டோடு வரும் எந்தச் சிறு குழந்தைக்கும், வீடு எப்படிப்பட்டதாக இருந்தாலும், நாங்கள் இப்படித்தான் செய்யவேண்டும். கேட்காமல் விடும் மருத்துவர்தான் கடமை தவறுகிறார். பெரியவர் ஒருவர் அடித்ததால் வரும் தடங்களில் விரல் பதிந்த வரிசை, பெல்ட்டின் விளிம்பு, கடித்த வளைவு என்று ஓர் உருவம் தெரிவது உண்டு. சொல்லும் காரணமும் தடமும் ஒத்துப்போகாது. ஊசிமுனைப் புள்ளிகள் காலைச் சுற்றி வருவதும், நாள்தோறும் புதிய இடத்தில் தோன்றுவதும் ரத்தத்தின் பக்கம்தான் கைகாட்டுகிறது. இருந்தாலும் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்து, தடங்களும் தொடர்ந்தால், குழந்தை உங்கள் கண்ணில் படாத நேரங்களைப் பற்றித் துருவிக் கேட்கத்தான் வேண்டும், அது யாருக்குக் கசந்தாலும். அந்தக் கேள்வியை மருத்துவரே கேட்கட்டும். மருமகள் கேட்டால் குற்றச்சாட்டு, மருத்துவர் கேட்டால் விசாரிப்பு. மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் அவர். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், சோர்வு என்று உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

புறப்படும் முன் ஒவ்வொரு தடத்தையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "இது பச்சையாக இருக்கிறது, ஆகவே நான்கு நாள் முந்தியது" என்று கணக்குப் போடாதீர்கள். நிறத்தை வைத்து ரத்தக்கட்டின் வயதைச் சொல்ல மருத்துவர்களாலும் முடியாது. காய்ச்சலின்போது கொடுத்த மருந்துகளின் பெயர்களையும், கடந்த ஒன்றரை மாதத்தில் ஏதாவது தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விளையாட விடலாமா என்று கேட்டீர்கள். முடிவு வரும்வரை வீட்டுக்குள், தரையில் என்ன வேண்டுமானாலும் விளையாடட்டும். மிதிவண்டி, ஊஞ்சல், சறுக்கு, கட்டிலிலிருந்து குதிப்பது ஆகியவை வேண்டாம். வலி வந்தால் பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் என்பதால் தொடவே கூடாது. தசையில் போடும் ஊசி எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடவேண்டாம். மென்மையான பல் துலக்கி போதும்.

இந்த இடைவெளியில் இவற்றில் ஒன்று நடந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், பகலோ இரவோ: தலையில் அடி, அது லேசானதாகத் தோன்றினாலும், விடாத தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம், மூக்கைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், வாய்க்குள் ரத்தக் கொப்புளம், சிறுநீரில் ரத்தம், தார்போல் கருத்த மலம். அழுத்தினால் மறையாத புள்ளிகளோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவேண்டாம். அது ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றாக இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும் வகை அது.

முடிவு வந்ததும் தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்; ஹீமோகுளோபினும் வெள்ளையணுக்களும் அந்த வயதுக்குரிய அளவில் இருக்கின்றனவா, ஸ்மியர் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுபரிசோதனை எப்போது என்று தேதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.