வாக்கரில் நடக்கும் பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது, எடை 14 கிலோ. குறைமாதத்தில் பிறந்தவன். கால்கள் இரண்டும் விறைத்துப்போகும் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா வகைப் பெருமூளை வாதம் என்றார்கள். இரண்டு காலிலும் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் உறை) மாட்டி, வாக்கர் பிடித்து நடப்பான். வலிப்புக்கு வால்ப்ரோயேட், எச்சில் வடிவதற்கு கிளைக்கோபைரோலேட் கொடுக்கிறோம். கடைசியாக வலிப்பு வந்து ஏழு மாதம் ஆகிறது. சாந்தோமில் மாற்றுத்திறன் குழந்தைகளும் விளையாடும்படி மாநகராட்சி அமைத்திருக்கும் பூங்காவுக்கு அவனையும் அவனுடைய இரண்டு வயதுத் தங்கையையும் அழைத்துப் போக ஆசை. விழுந்து காலை முறித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று மாமியார் தடுக்கிறார். போகலாமா? - வாசகி, சென்னை

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் மாமியாரின் கவலையும் நியாயமானதுதான். ஆனால் கால் முறியும் ஆபத்து உங்கள் மகனைவிடச் சின்னவளுக்கே அதிகமாக இருக்கலாம். அதுவும் விழுந்தல்ல, சறுக்குமரத்தில் உங்கள் மடியில் உட்கார்ந்து வரும்போது.

குழந்தை தனியாகச் சறுக்கி வரும்போது ஷூ ஓரத்தில் மாட்டினால், எடை குறைவு என்பதால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். பெரியவர் மடியில் இருந்தால் அந்த 60 கிலோவும் சேர்ந்து கீழே தள்ளும். ரப்பர் அடிப்பாகம் சறுக்குமரத்தில் ஒட்டிக்கொள்ள, கால் திருகி, முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிகிறது. மூன்று வயதுக்குள் இது அதிகம். ஆகவே யாரையும் மடியில் வைத்துச் சறுக்க வேண்டாம். சின்னவளைத் தாழ்வான சறுக்குமரத்தில் தனியாக விட்டு, பக்கத்தில் நின்று கைகொடுங்கள். பெரியவனுக்கும் அதே விதிதான். ஏ.எஃப்.ஓ. போட்ட கால் மாட்டினால் சட்டென்று மடக்கி எடுக்க அவனால் முடியாது. அகலமான, உயரம் குறைந்த சறுக்குமரமாகப் பாருங்கள். ஒருவர் பக்கவாட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வர, இன்னொருவர் கீழே நிற்க வேண்டும்.

அவனுடைய எலும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நின்று நடப்பது குறைந்தால் எலும்பில் உறுதி ஏறாது. வால்ப்ரோயேட்டை நீண்ட நாள் சாப்பிடுவதும் எலும்பைப் பாதிக்கலாம். வைட்டமின் டி அளவு பார்த்தும், இடுப்பு எக்ஸ்ரே எடுத்தும் ஓராண்டு தாண்டியிருந்தால் அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தொடையை விரிக்கும்போது வலிக்கிறது என்றால், காலை அகட்டி உட்காரும் ஸ்பிரிங் குதிரை அதுவரை வேண்டாம்.

என்னைக் கேட்டால், பூங்காவில் உங்கள் மகனுக்குப் பெரிய ஆபத்து வெயில்தான். கிளைக்கோபைரோலேட் எச்சிலைக் குறைப்பது போலவே வியர்வையையும் குறைத்துவிடும். வியர்க்காத உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. தசை இறுக்கத்துக்குப் பேசிடேன், வலிப்புக்கு டோபிராமேட் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். "வியர்க்கவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறான்" என்று நினைத்துவிடாதீர்கள். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு போங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிழலில் உட்கார வைத்துச் சில மடக்குத் தண்ணீர் கொடுங்கள். புரையேறும் என்பதால் கெட்டியாக்கிய நீரைத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தால், அதையே கொண்டு போங்கள். தெளிப்பான் புட்டி ஒன்றில் தண்ணீர் எடுத்துப்போய் முகம், கழுத்து, கைகளை நனைத்து விசிறுங்கள். அவனுக்கு வேண்டிய வியர்வை அதுதான். உடம்பு சுட்டு, தோல் வறண்டு சிவந்து, பிள்ளை துவண்டால் ஆடையைத் தளர்த்தி, நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். இந்தச் சூட்டைப் பாராசிட்டமால் குறைக்காது. இதற்குப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

வெயிலில் கிடந்த எஃகுச் சறுக்குமரமும் கருநிற ரப்பர் தரையும் தோலைச் சுட்டுவிடும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

ஊஞ்சலில் முதுகுச் சாய்வும் பட்டையும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இடுப்பைச் சாய்வோடு ஒட்ட உட்கார்த்தி, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு, பிறகு தோளுக்கான பட்டையைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் கால் விறைக்கும்போது உடம்பு முன்னால் வழுக்கி, பட்டை கழுத்துக்கு வந்துவிடும். பின்னாலிருந்து திடீரென்று தள்ளினால் உடம்பு தூக்கிப்போட்டு விறைத்துக்கொள்ளும் என்பதால், முன்னால் நின்று, சொல்லிவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். முகமும் உங்கள் கண்ணில் இருக்கும். சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் இருந்தால் அது அவனுக்குத் தேவையில்லை. அந்த மேடை கனமானது, நினைத்தவுடன் நிற்காது. சின்னவள் அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்பது இதற்காகவும்தான். மாமியாரையே கூட்டிப் போங்களேன்.

சாய்தளத்தில் இறங்கும்போது வாக்கர் முன்னால் ஓடிவிடும். நீங்கள் கீழ்ப்பக்கம், அவனைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்குங்கள்.

காய்ச்சல், தூக்கம் கெட்ட இரவு, மருந்து தவறிய வேளை இருந்தால் அன்று போகாதீர்கள். மூன்றுமே வலிப்பைத் தூண்டும். மற்ற நாட்களில் ஏறுகிற இடமெல்லாம் உங்கள் கை எட்டும் உயரத்துக்குள் இருந்தால் போதும். வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் பையில் இருக்கட்டும். கடையில் ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. தருவதும் 1.25 மி.கி. தருவதும் கிடைக்கிறது. புட்டியை மாற்றி வாங்கினால் எத்தனை அழுத்தல் என்ற கணக்கே மாறிவிடும். எனவே அவன் எடைக்கு எத்தனை என்று மருத்துவரிடம் கேட்டுப் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். வலிப்பு வந்தால் பட்டையைக் கழற்றித் தரையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஸ்பிரே கொடுத்து 108-ஐ அழையுங்கள். கூடும் கூட்டத்தில் யாராவது சாவிக்கொத்தை நீட்டுவார்கள். வாங்க வேண்டாம். வாயில் தண்ணீரோ விரலோ வைக்கவும் விடாதீர்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். வீடு வந்ததும் ஏ.எஃப்.ஓ.வைக் கழற்றி மணலைத் தட்டி, குதிகாலையும் கணுக்கால் முட்டுகளையும் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணிக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் செய்து கொடுத்தவரிடம் காட்டி இழைக்கச் சொல்லுங்கள். அன்றோ மறுநாளோ இருவரில் யாராவது ஒரு காலை ஊன்ற மறுத்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சிறு குழந்தைகளின் கீறல் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு. வலி தொடர்ந்தால் பத்து நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டாம்.