அந்தக் கதவை ராவாதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரிக்காரன். மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பக்கத்து எஸ்டேட் ஷெட்டில் பல வருடமாகக் கிடந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 1964 மாடல். இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். மலையிறங்கும்போது சில்வர் ஓக் மரத்தில் மோதிய வண்டி. இடது முன்பக்கம் நசுங்கி, பானெட் காகிதம்போல் சுருண்டிருக்கிறது. விளக்குக் கண் உள்ளே போய்விட்டது, கிரில் இல்லவே இல்லை. இடது கதவும் மூடவில்லை, கீலைத் தளர்த்தி ஓரத்தை ராவிவிட்டால் போதும் என்கிறார் டிங்கர்.

வீட்டு ஷெட்டிலேயே முழுதாகக் கழற்றி நானே கட்டப்போகிறேன். எஞ்சின், சீட், டாஷ்போர்டு வெளியே வந்துவிட்டன. அடுத்த வாரம் சேஸி என்ற அடிச்சட்டத்திலிருந்து பாடியைத் தூக்குகிறோம். எஸ்டேட்டில் டிரைவராக இருந்த பெரியவர் ஒருவர் தினமும் சாயங்காலம் வந்து நின்று, ‘அதுக்கு கிரீஸ் அடிக்காதே, எண்ணெய் ஊத்து’ என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார். வேலை கெடுகிறது.

என் கேள்வி இதுதான். பழைய வெள்ளை நிறமே இருக்கட்டுமா, சிவப்பு அடிக்கலாமா? காசைக் கரியாக்குகிறேன் என்று வீட்டில் திட்டுகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அடிபட்ட ஒரு காரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகன் கோவையில் பழைய கார் ஒன்று வாங்கினான். ஒரே ஓனர், ஒரு கீறல் கிடையாது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சில மாதங்களில் முன் டயரில் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிய ஆரம்பித்தது. அலைன்மென்ட் கடைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு இவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். முன்பக்க சேஸி எப்போதோ மடங்கி, அரைகுறையாக நிமிர்த்தப்பட்டு, மடிப்பின்மேல் கனமாகப் பட்டி போட்டு, அதன்மேல் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தது. அந்த வண்டியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவன் பர்லியார் மலை வளைவுகளில் இறங்கியிருக்கிறான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு கரியாகிறதா என்பதை நான் சொல்ல முடியாது. அது உங்கள் சம்பாத்தியம், உங்கள் குடும்பம். நிறத்தை அப்புறம் பார்ப்போம்.

கதவுக்கு வருகிறேன். பானெட்டைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, கதவை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். ஸ்பிட்ஃபயரின் பானெட் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த ஒரே கூடு. முன்னால் கீல் வைத்து மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும். அது சுருண்டால் போனது தகரம், போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். கதவு மூடவில்லை என்றால் கதவைச் சுற்றியிருக்கும் சட்டம் இடம் மாறியிருக்கிறது. மரத்தில் பட்ட அடி பானெட்டோடு நிற்காமல் கதவுக்கால் வரை வந்திருக்கிறது. அதைச் சொல்ல அந்தக் கதவு ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. அதன் ஓரத்தை ராவி மூடவைத்துவிட்டால் பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? என் தங்கை மகனுக்கு விற்றவர்கள் பட்டி போட்டு மறைத்தார்கள். நீங்கள் அரத்தால் மறைக்கப்போகிறீர்கள். அவர்கள் அடுத்தவனை ஏமாற்றினார்கள், நீங்கள் உங்களையே.

அந்தக் கார் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்பது புரியும். ட்ரையம்ஃப் கம்பெனி 1959-இல் ஹெரால்ட் காரைக் கொண்டுவந்தது, 1962-இல் ஸ்பிட்ஃபயரை. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். ஹெரால்ட் நமக்கு அந்நியம் இல்லை. சென்னையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அதுதான். ஒரு காலத்தில் நீலகிரியில் டாக்டர், வக்கீல், எஸ்டேட் குமாஸ்தா எல்லோரிடமும் இருந்த வண்டி. அதன் சேஸியைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஹெரால்டில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 91½ அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83.

குட்டையாக்கும்போது இன்னொரு வேலையும் செய்தார்கள். ஹெரால்டில் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் நீண்டு பாடியின் ஓரத்தைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தக் கைகளை எடுத்துவிட்டு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிபோன்ற சட்டத்தின்மேல் அந்தப் பளுவை ஏற்றினார்கள். சில் என்பார்கள் அதை. பின்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்கூட சேஸியில் இல்லை, பாடியில் போய் மாட்டுகிறது. ஆக உங்கள் வண்டியில் பாடி கோணினால் பின்சக்கரமும் கோணும். மேலே கூரையும் கிடையாது. பாடியின் பலம் முழுக்க நீங்கள் காலை வைத்து ஏறும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். பல்சக்கரம் பிடித்து மலையேறும் நீராவி எஞ்சின்களைப் பிரித்துக் கட்டிய கை. எஸ்டேட் மானேஜர் ஒருவரின் ஹெரால்ட், குன்னூருக்குப் பக்கத்தில் காட்டேரி என்ற ஊரருகே சாலையைவிட்டு இறங்கி ஒரு பாறையில் போய் நின்றது. அதைக் கட்டித்தருகிறேன் என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார். கற்பூர மரக் கொம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, எங்கள் வாசலிலேயே பட்டறை. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஸ்பானரோடு தயாராக நின்றோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்லீப்பர் கட்டை கொடுத்தார். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தார். அப்புறம் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிவரச் சொன்னார். சக்கரங்களைத் தாங்கும் கைகள் சேஸியில் சேரும் ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் தூக்குக்குண்டைத் தரைக்கு விட்டு, குண்டின் மூக்கு நிற்கும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். வண்டிக்கு அடியில் சிமெண்ட் தரையில் அந்தக் காரின் எலும்பு முழுக்க விழுந்துவிட்டது. பிறகு இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிக்கு டேப் பிடித்தார், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு இன்னொன்று. டேப்பின் மறுமுனை என் கையில். சேஸி நேராக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தது. இரண்டையும் கரியால் சுவரில் எழுதினார். சுண்ணாம்பு அடித்த சுவர் என்று பெரியம்மா சத்தம் போட்டார். வண்டி போகும்வரை இருக்கட்டும் என்றார் பெரியப்பா.

கழற்றுவது அதற்கு அப்புறம்தான். அட்டையில் வண்டியின் படத்தைப் பெரிதாக வரைந்து, எடுத்த போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்திவைத்தார். வளைந்த சேஸியைச் சூடு காட்டாமல், சங்கிலியும் ஜாக்கியும் வைத்துக் கொஞ்சம் இழுப்பார், விடுவார், அளப்பார், மறுபடி இழுப்பார். முழுசாக மடிந்துபோன துண்டை நிமிர்த்தவே இல்லை, வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். மடிந்த இரும்பு பார்வைக்கு நேராகும், பலம் திரும்பாது என்பார். சுவரில் இருந்த இரண்டு எண்ணும் ஒன்றாகும்வரை வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. கடைசியில் பாடியை உட்காரவைத்து இறுக்கியபோது அதுவரை மூடாத கதவு தானாக மூடியது. கீலை யாரும் தொடவில்லை.

நீங்கள் எஞ்சின், சீட், டாஷ்போர்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள், ஒரு அளவும் எடுத்ததாக எழுதவில்லை. போகட்டும், அவற்றால் பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த வாரம் பாடியைத் தூக்குவதை மட்டும் நிறுத்துங்கள். இப்போது அந்தப் பாடி கோணிய நிலையிலேயே சேஸியில் போல்ட் போட்டு நிற்கிறது. எது எதை இழுத்தது என்று இப்போதுதான் தெரியும். தூக்கிவிட்டால் இரண்டும் தனித்தனியாகிவிடும், பிறகு எந்தக் கோட்டம் எங்கே தொடங்கியது என்று சொல்ல யாராலும் முடியாது.

இனி அந்தப் பெரியவர். அவர் சொன்னதை நீங்கள் தொந்தரவு என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. இந்த இடத்தில் எனக்கு உங்கள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. உங்கள் காரின் முன்சக்கரத்தில் டிரன்னியன் என்று ஒரு வெண்கலக் கட்டை இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பு அதற்குள் மரையில் திருகி நிற்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் அது கெட்டியாகி மரைக்குள் இறங்காது, ஈரம் தேங்கும், துரு அரிக்கும், ஒருநாள் அந்த இரும்பு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஒரு வாக்கியத்தில் உங்கள் உயிரைக் காப்பாற்றும் விஷயத்தை அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவரை உட்காரவாவது சொன்னீர்களா?

அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. அந்த வண்டி மரத்தில் எப்படிப் போய் மோதியது? நேராகவா, பின்பக்கம் சறுக்கிச் சுழன்றா? அந்தக் கால ஸ்பிட்ஃபயரில் பின் ஆக்சில் இரண்டு துண்டு, நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியின் பக்கம் மட்டும்தான் ஜாயின்ட். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்பக்கம் எழும்பி வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், பிடி போய்விடும். 1970-இல் வந்த நான்காம் மார்க் ஸ்பிட்ஃபயர் மாடலில்தான் பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை மாற்றி இதைக் குறைத்தார்கள். சுழன்று மோதியிருந்தால் அடி பக்கவாட்டில் இறங்கியிருக்கும், பின்பக்கத்தையும் சந்தேகப்பட வேண்டும். நேராக மோதியிருந்தால் முன்பக்கமும் இடது சில்லும்தான். வண்டியை வருடக்கணக்கில் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கும்.

பெயின்ட்டுக்கு அவசரமே இல்லை. எப்படியும் ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் அடிக்காதீர்கள், மூடுபனி ஈரத்தில், சீக்கிரம் காயும் என்.சி. பெயின்ட் வெளுத்துப்போகும். தை, மாசி வெயில் வரட்டும். டாஷ்போர்டு இருந்த இடத்தில் பழைய வெள்ளை மங்காமல் இருக்கும், அதைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். வேறு எஞ்சின் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது, சேஸியையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றியமைத்த வண்டிக்கு அது கிடைக்காது. ஸ்பானர் அங்குலக் கணக்கில் வாங்குங்கள். அரை அங்குலத் தலையில் 13 எம்.எம். ஸ்பானர் உட்காருவதுபோல் இருக்கும், அழுத்தித் திருகினால் போல்ட்டின் மூலை மழுங்கிவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி மட்டம் பாருங்கள். தூக்குக்குண்டு விட்டு எல்லாப் புள்ளிகளையும் தரையில் குறியுங்கள். டேப்பின் மறுமுனையைப் பெரியவர் பிடிக்கட்டும். இரண்டு கதவு வாயிலையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து எழுதுங்கள். வலது பக்கம் அடிபடவில்லை என்றால் அதுதான் உங்களுக்குச் சரியான அளவு. பிற்பாடு சில்லை வெட்டும் வேலை வந்தால், இடது வாயிலை அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, வெட்டுவதற்கு முன்பே இரண்டு வாயிலுக்கும் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் மடங்கிக்கொள்ளும்.

எல்லா அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். குறுக்களவு இரண்டிலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வெல்டிங்காரரை வரச்சொல்வதற்கு முன்பே எழுதுங்கள்.

அன்புடன்.