சின்னப் பல்சக்கரமும் ஆளில்லாச் சாலையும்

வணக்கம்.

லியோனில் வேலை பார்க்கிறேன். ஜூன் நடுவில் எனக்கும் மனைவிக்கும் ஒன்பது நாள் விடுமுறை. கிளெர்மோன்-ஃபெரானில் தொடங்கி ஓரியாக் வரை, ஓவெர்ன் எரிமலைப் பகுதி வழியாக சைக்கிளில் போக ஆசை. கார், லாரி தொல்லை இல்லாத, மேடும் அதிகமில்லாத பாதை ஒன்று சொல்ல முடியுமா? எனக்கு மேடு பிரச்சினையில்லை. மனைவிக்குத்தான் ஒத்துவராது, சீக்கிரம் களைத்துவிடுவாள். இருவருக்கும் ஒரே மாதிரி வண்டி: 12 கிலோ, பல்சக்கரங்களில் பல் எண்ணிக்கை முன்னால் 50-34, பின்னால் 11-28, டயர் 28 மி.மீ. ஆளுக்கு 13 கிலோ மூட்டை. என் எடை 75, அவள் எடை 55. புய் த டோம் உச்சிக்கும் ஏற வேண்டும். கூடாரம் எடுக்கலாமா, செயலி போட்டுத் தரும் பாதையை நம்பலாமா என்றும் சொல்லுங்கள்.

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புய் த டோமை விட்டுவிடுங்கள். 2012-இல் பல்சக்கர ரயில் வந்ததிலிருந்து அந்த மலைச்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. 2023-இல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 35 ஆண்டு கழித்து அங்கே ஏறியது ஒரு நாள் ஏற்பாடு. ரயிலில் போங்கள், அல்லது நடந்து ஏறுங்கள். கூடாரம் உங்கள் விருப்பம். எடுத்தால் ஜூனிலும் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இரவு குளிரும் என்பதை நினைவில் வையுங்கள். டயரை 32 ஆக்குங்கள். கோடையில் அங்கே சாலைக்குத் தார் தெளித்துப் பொடிக்கல் கொட்டிவிட்டுப் போவார்கள். மூட்டையோடு இறங்கும்போது 28 மி.மீ. டயர் அதில் வழுக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'மேடில்லாத அமைதியான சாலை' என்று கேட்டு எனக்குப் பலர் எழுதுகிறார்கள். இதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். எரிமலை நாட்டில் அந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். காரணம் மண்ணிலேயே இருக்கிறது.

உங்கள் பாதையின் தெற்குப் பகுதியில் வரும் காந்தால் மலைத்தொகுதி என்பது ஒரே எரிமலை. அடிவாரத்தில் குறுக்களவு 60 கிலோமீட்டருக்கு மேல்; ஐரோப்பாவின் மிகப் பெரிய அடுக்கு எரிமலை. அது அணைந்த பிறகு பனியாறுகள் வந்து அதைச் செதுக்கின. நடுவில் இருக்கும் புய் மரி, பிளோம் த காந்தால் சிகரங்களிலிருந்து நாலாபக்கமும் சக்கரத்தின் ஆரக்கால்போல ஆழமான பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன: ழோர்தான், சேர், அலாஞோன், மாரோன். ஆரக்கால் ஒன்றின் அடியிலேயே போனால் ஏற்றம் மென்மையாக இருக்கும். அதனால்தான் ரயிலும் என்122 நெடுஞ்சாலையும் அலாஞோன் வழியே ஏறி, லியோரான் சுரங்கம் தாண்டி, சேர் வழியே இறங்குகின்றன. லாரியும் அங்கேதான். மென்மையான சரிவை உங்களுக்கு முன்பே லாரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு ஆரக்காலிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற சாலையில் ஆளே இருக்காது. மிஷ்லேன் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் அது வெள்ளைக் கோடு. குறுக்கே அம்புக்குறிகள் இருக்கும். ஒரு அம்பு 5 முதல் 9 சதவீதம், இரண்டு 9 முதல் 13, மூன்று அதற்கும் மேல். அம்பின் முனை மேட்டைக் காட்டும். அந்த நிறுவனம் பிறந்த ஊரே கிளெர்மோன்தான். போனதும் தாள் வரைபடம் ஒன்று வாங்கி மேசையில் விரியுங்கள். செயலி சராசரியைச் சொல்லி ஏமாற்றும். ஃபால்கூ பக்கமிருந்து பா த பெய்ரோல் கணவாய்க்குக் கடைசி 5.4 கி.மீ. சராசரி 8 சதவீதம்தான். ஆனால் அதில் முடிவில் வரும் 2 கி.மீ. 11, 12 என்று நிற்கும். வரைபடத்தில் அது இரட்டை அம்பு. ஆள் இறங்கித் தள்ளுவது அங்கேதான்.

ஆகவே அமைதி வேண்டுமென்றால் செங்குத்தில் ஏறத்தான் வேண்டும். ஏற முடியுமா என்பதை முடிவு செய்வது உங்கள் மனைவியின் உடம்பு இல்லை ஆர்., நீங்கள் அவருக்கு வாங்கிக் கொடுத்த வண்டி. 'மனைவிக்கு ஒத்துவராது' என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா?

உங்கள் வண்டியில் ஆகச் சின்ன கியர் முன்னால் 34, பின்னால் 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 9.4 கி.மீ. 10 சதவீத மேட்டில் அந்த வேகத்துக்கு, ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ இருக்கும் உங்களுக்கு ஏறத்தாழ 270 வாட் தேவை. உங்கள் உடம்பின் ஒரு கிலோவுக்கு 3.6 வாட். அவருடைய மொத்தம் 80 கிலோ, தேவை 215 வாட். பார்க்கக் குறைவுதான். 55-ஆல் வகுங்கள்: கிலோவுக்கு 3.9 வாட். அதே வண்டி, அதே மூட்டை, அதே மேடு. உங்களைவிட அவர்தான் கடுமையாக உழைக்கிறார். களைக்காமல் என்ன செய்வார்? மெதுவாக மிதித்தால் வாட் குறையும், ஆனால் பெடலை அமுக்கும் விசை குறையாது. அது முழங்காலில் போய் உட்காரும். மூன்றாம் நாள் காலை படியிறங்கும்போது தெரியும்.

இப்போது மாற்றிப் பாருங்கள். முன்னால் 46-30, பின்னால் 11-34. சுற்றுக்கு 1.9 மீட்டர், மணிக்கு 6.8 கி.மீ. அவர் மூட்டையிலிருந்து 5 கிலோவை உங்கள் பைக்கு மாற்றுங்கள். அவருக்குக் கிலோவுக்கு 2.7 வாட், உங்களுக்கும் 2.7. இரண்டு பேரும் பேசிக்கொண்டு ஏறலாம். உங்கள் வண்டியையும் மாற்றத்தான் வேண்டும், 3.6 வாட்டில் நீங்களும் ஒன்பது நாள் தாங்கமாட்டீர்கள், எழுத்தில் வீரம் காட்டினாலும்.

வேலை பெரிதில்லை, ஆனால் சறுக்குகிற இடங்கள் உண்டு. பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) நீளக் கூண்டு உள்ளதாக இருக்க வேண்டும்: 34 பல்லை ஏற்க வேண்டும், மொத்தக் கொள்ளளவு 39 பல் (பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள வித்தியாசம்: முன்னால் 16, பின்னால் 23). குட்டைக் கூண்டோடு 34 பல் வரை உள்ள கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டால், முன்னாலும் பின்னாலும் சின்னப் பல்லில் இருக்கும்போது செயின் தொங்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று கடைக்காரர் செயினை வெட்டுவார். பிறகு தப்பித்தவறி பெரியதிலிருந்து பெரியதற்கு மாற்றினால் இழுபட்டு டிரெய்லியர் மாட்டும் காதே முறியும். செயினை டிரெய்லியருக்குள் விடாமல், முன் பெரிய பல்சக்கரத்திலும் பின் பெரிய பல்சக்கரத்திலும் நேராகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட விடுங்கள். அதுதான் சரியான நீளம். முன்னால் 50 பல் 46 ஆவதால் முன் டிரெய்லியரை 8 மி.மீ. இறக்க வேண்டும், கூண்டின் வெளித்தகட்டுக்கும் பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். முன் டிரெய்லியரை மாட்டச் சட்டகத்தில் நிரந்தரக் கொக்கி உள்ள வண்டிகளில் அவ்வளவு இறங்காது. கிராங்க் வாங்கும் முன் அதை அளந்து பாருங்கள்.

சின்ன கியரைக் கேவலமாகப் பார்க்கும் வழக்கம் பழையது. டூர் த பிரான்ஸைத் தொடங்கிய தெக்ராஞ்ஜ் தன் காலம் முழுக்க டிரெய்லியரை உள்ளே விடவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகுதான், 1937-இல், அனுமதி கிடைத்தது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே, இந்த மலைகளுக்குக் கிழக்கே சேன் எத்தியேனில், வெலோசியோ என்ற பெயரில் எழுதிய போல் த விவி, பல கியர் இல்லாமல் மலைப்பயணம் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார். பந்தயக்காரர்கள் சிரித்தார்கள். பந்தயம் என்றால் ஒரு நாள் இழுத்துப்பிடித்து ஏறிவிடலாம். நீங்கள் போவது மூட்டையோடு, நாள் கணக்கில், வாழ்க்கைத் துணையோடு.

பாதை கேட்டிருந்தீர்கள். ஒருமுறை ஏறி, மேலேயே இருங்கள். கிளெர்மோன் 400 மீட்டர், பெஸ் ஊர் 1050. அந்த ஏற்றத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெஸ் பக்கத்தில் பாவேன் ஏரி: ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பள்ளம், 92 மீட்டர் ஆழம். அங்கிருந்து தெற்கே செசாலியே மேட்டுநிலம். எரிமலைக் குழம்பு பரவி உறைந்த புல்வெளி, சிவப்பு சலேர் மாடுகள், கோடைப் பாலாடைக்கட்டிக் கொட்டில்கள். காற்றுக்கு மறைப்பே இல்லை. மதியத்துக்கு மேல் இடி வரும், காலையிலேயே கடந்துவிடுங்கள். கோம்பேன், லா கோதிவெல், அலான்ஷ் வழியாக முரா. லா கோதிவெல்லை நம்பிச் சாப்பாட்டை ஒத்திப்போடாதீர்கள், பெஸ்ஸிலேயே ரொட்டி வாங்குங்கள். திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகள் மூடியிருக்கும். மதியம் எல்லாமே மூடியிருக்கும். தண்ணீருக்குக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழாய் தேடுங்கள். 'குடிநீர் அல்ல' என்று பலகை இருந்தால் தொடாதீர்கள்.

முராவிலிருந்து தியேன் வழியாக பா த பெய்ரோல், 1588 மீட்டர். ஃபால்கூ பக்கமாக வேண்டாம். தியேன் பக்கம் நீண்டது, இறுதியில்தான் கடுமை. காலை ஒன்பதுக்குள் உச்சியில் இருந்தால் கார் கூட்டம் வருவதற்குள் இறங்கிவிடலாம். பிறகு மாந்தாய், ழோர்தான் பள்ளத்தாக்கு, ஓரியாக் வரை இறக்கம். விளிம்பு பிரேக் என்றால் விடாமல் பிடிக்காதீர்கள்; ரிம் சுடும். முன்னும் பின்னுமாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குங்கள்.

தியேன் தாண்டி அந்தக் கடைசி மேட்டில் அவர் முன்னால் போகட்டும். நீங்கள் இரண்டு வண்டி நீளம் பின்னால், அவர் வேகத்தில்.