அண்ணாச்சி தாண்ட்

கேள்வி: தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜப்பான், வியட்நாம், ஐஸ்லாந்து என்று பல நாட்டுக்காரர்களுக்கு மெயில் போட வேண்டியிருக்கிறது. அவர்கள் பெயரில் எது சொந்தப் பெயர், எது குடும்பப் பெயர் என்றே புரியவில்லை, பாதி வாயிலும் நுழையவில்லை. கொஞ்சம் எளிதாகப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாதா? என் பெயரையும் அவர்களுக்காக 'ஐசக்' என்று சுருக்கிவிடலாமா?
- சு. இசக்கிமுத்து, பாளையங்கோட்டை

பதில்: கேள்வியைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்தைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இசக்கிமுத்து என்று பெயர் வைத்துக்கொண்டு அடுத்தவர் பெயர் வாயில் நுழையவில்லை என்கிறீர்களே! ஜப்பான்காரருக்கு ல, ர இரண்டும் ஒன்றுதான், நம் நெல்லையப்பர் அவர் வாயில் நெர்ரையப்பராகத்தான் வருவார். அதற்காகச் சாமிக்கு வேறு பெயர் வையுங்கள் என்று அவர் மனு போடவில்லையே.

வாய் தடுமாறினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்து அப்படியில்லை. வெள்ளைக்காரன் நம் ஊரை டின்னவெல்லி என்று எழுதிவிட்டுப் போய்விட்டான், நம் பக்கத்து நிலாவாரை மூலிகை இன்றைக்கும் உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா'தான். அதனால் பெயரைப் பார்த்துப் பார்த்து டைப் அடிக்காமல், அவர் மெயிலின் அடியில் போட்டிருப்பதை அப்படியே காப்பி எடுத்து ஒட்டுங்கள், மேலும் கீழும் உள்ள கோடு, கொக்கி எல்லாம் சேர்த்து. வியட்நாமிய எழுத்தில் அதெல்லாம் அலங்காரம் இல்லை, நம் 'பல்'லில் புள்ளி போனால் 'பல' ஆகிவிடுகிற மாதிரிதான் அங்கேயும்.

சரி, எது சொந்தப் பெயர்? வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும், ஆனால் கூப்பிடுவது கடைசியில் இருக்கும் சொந்தப் பெயரை. ஜப்பானிலும் குடும்பப் பெயர்தான் முதலில், அதோடுதான் மரியாதைக்கு 'சான்' சேர்ப்பார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது வெகுகாலமாகத் திருப்பிப் போட்டுப் பழகியிருந்தார்கள், 2020 ஜனவரியிலிருந்துதான் அரசு ஆவணங்களில் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரை முதலில் போடுகிறார்கள். ஆகவே உங்களுக்கு வரும் மெயில் இரண்டு விதமாகவும் இருக்கும், குழம்புவது உங்கள் தப்பில்லை. சிலர் குடும்பப் பெயரை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவார்கள், அதைக் கவனியுங்கள்.

ஐஸ்லாந்துக்காரர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, பின்னால் இருப்பது அப்பா பெயரோடு 'சொன்' (மகன்) அல்லது 'டோட்டிர்' (மகள்) சேர்ந்தது. டெலிபோன் டைரக்டரியையே அங்கே சொந்தப் பெயர் வரிசையில்தான் போட்டார்கள். 'மிஸ்டர் யோன்சொன்' என்று நீங்கள் எழுதினால் அது அவர் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் 'சு'வை விரித்து எழுதிவிட்டு நீங்கள் விமானம் ஏறினால் உங்களையும் 'மிஸ்டர் சுடலைமாடன்' என்றுதானே கூப்பிடுவார்கள், அவர் பாட்டுக்கு வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

நான் மட்டும் யோக்கியனா? ஐ.நா. பொதுச்செயலாளராக 1961 முதல் 1971 வரை இருந்த பர்மாக்காரரை 'திரு. ஊ தாண்ட்' என்று இதே பத்திரிகையில் அச்சடித்திருக்கிறேன். அவர் பெயர் வெறும் தாண்ட்தான். அந்த 'ஊ' மரியாதைக்குப் போடுவது, மாமா என்கிற மாதிரி, நம் ஊர்க் கணக்கில் அண்ணாச்சி. நான் போட்டது 'திரு. அண்ணாச்சி தாண்ட்'. ஒரு வாசகர் போஸ்ட் கார்டில் வெளுத்து வாங்கினார், நன்றாக வேண்டும் எனக்கு.

கேட்டுவிடுவதுதான் சுலபம். 'உங்களை எப்படி அழைப்பது?' என்று முதல் மெயிலிலேயே ஒரு வரி போடுங்கள். ஜப்பானில் படிவங்களிலேயே பெயருக்கு மேல், இதை எப்படி வாசிப்பது என்று எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்கலாம். அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள், உங்களுக்கென்ன வெட்கம்?

அப்புறம் அந்த ஐசக். ஆங்கில ஐசக் நம் வேதாகமத்தில் ஈசாக்கு ஆகி இத்தனை காலம் ஆகிவிட்டது, நீங்கள் என்னடாவென்றால் இசக்கியை ஐசக் ஆக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் நிஜ ஐசக்குகளே தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வருகிற பார்சலெல்லாம் உங்கள் வீட்டுக்கு வரும். பேசாமல் 'முத்து' என்று போடுங்கள்.