கல்லூரி வளாகத்தில் சமூகப் பணி: கேட்டவைக்குப் பதில்கள்

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல்கலைக்கழக வளாகத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி: அக்கா, மனநலக் கவுன்சிலர் இருக்கிறாரே, நீங்கள் எதற்கு?

டீன்களே கேட்ட கேள்விதான், கோபமில்லை. ஒரு மாணவன் மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை. ‘மனச்சோர்வு’ என்று எழுதி அனுப்பினார்கள். உட்கார்ந்து பேசியதில், அப்பா படுத்த படுக்கையாகி வீட்டிலிருந்து பணம் நின்றுபோனதும், இவன் இரவு வேலைக்குப் போவதும் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு எப்படி விழிப்பான்? அவசர உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டோம், கட்டணத்தைத் தவணையாக்கினோம், துறைத்தலைவரிடம் பேசிப் பிற்பகல் பிரிவுக்கு மாற்றினோம். மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால், எனக்காகத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். சோர்வும் இருந்தது உண்மைதான். அதற்குக் கவுன்சிலரிடம் அனுப்பினேன். அவர் மனத்தைப் பார்க்கிறார், நான் அந்த மனம் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஒரு பெற்றோர்: சமூகப் பணி என்றால் ஏழைகள் இருக்கும் பகுதிக்குப் போய்ச் செய்வதுதானே?

அப்படித்தான் தொடங்கியது. 1884இல் கிழக்கு லண்டனில் டாயின்பீ ஹால் அமைந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அங்கே போய்த் தங்கி ஏழை மக்களோடு வேலை செய்தார்கள். இன்று ஏழை வீட்டுப் பிள்ளைகளே வளாகத்துக்குள் படிக்கிறார்கள். வேலையும் உள்ளே வந்துவிட்டது.

விரிவுரையாளர்: ஒரு மாணவர் விடைத்தாளின் ஓரத்தில் ‘இனி நான் இருக்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தார். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவேனோ என்று பயம்.

தூண்டாது, சார். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ‘தற்கொலை எண்ணம் வருகிறதா?’ என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். ‘தப்பா எதுவும் யோசிக்கலையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தனியே அனுப்பாமல், கூடவே நடந்து எங்கள் அறைக்கு அழைத்து வாருங்கள்.

அப்புறம் நாங்கள் அவரோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம்: எண்ணம் வரும்போது தெரியும் அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, யாரை அழைப்பது, ஆபத்தான பொருள்களை எப்படி எட்டாமல் வைப்பது. சில இடங்களில் ‘செய்ய மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அது உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. வாங்குகிறவருக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

பெயர் சொல்லாத மாணவர்: நான் சொல்வது வீட்டுக்குப் போகுமா?

நீங்கள் வயது வந்தவர் என்றால் பொதுவாகப் போகாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, சட்டம் கட்டாயப்படுத்துவது, இவை விதிவிலக்கு. முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவோம். பிறர் உயிர் என்பதற்கு 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பெரிய காரணம். பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். வளாகக் காவலர்களுக்குத் தகவல் போனது, அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை. கொலை நடந்தது. ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுப்பது சிகிச்சை தருபவரின் கடமை என்றது நீதிமன்றம்.

களப்பயிற்சி மாணவர்: சம்பளம் நிர்வாகம் தருகிறது. மாணவர் பக்கம் எப்படி நிற்பது?

கஷ்டம்தான், தம்பி. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், விடுதியைப் பற்றிப் புகார் சொன்னவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். தரவில்லை. அந்த செமஸ்டரில் விடுதி வாசல் பூட்டும் நேரத்தால் மட்டும் எத்தனை பேர் சிக்கலில் மாட்டினார்கள் என்ற எண்ணிக்கையைக் கொடுத்தேன். சில மாதம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. பூட்டும் நேரம் மாறியது. உங்களிடமும் பெயர் கேட்பார்கள். அதனால் கேஸ் குறிப்பில் தேவையானதை மட்டும் எழுதுங்கள், ‘பிடிவாதக்காரர்’ போன்ற சொற்கள் வேண்டாம். நாளை அந்த மாணவரே கேட்டு வாங்கிப் படிக்கலாம்.