அப்கிரேட் வாக்கெடுப்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சில கிரிப்டோ நெட்வொர்க்குகளில் வேலிடேட்டர் (பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து, அவற்றின் தொகுப்பான பிளாக்கை ஒப்புக்கொள்ளும் கணினி) நடத்துகிறேன். அப்கிரேட், வாக்கெடுப்பு, ஃபோர்க் (விதிமாற்றம்; சில நேரம் அதனால் சங்கிலியே இரண்டாகப் பிரியும்) என்று எதைப் பற்றியும் கேளுங்கள். விலை ஜோசியம் மட்டும் வேண்டாம்.

பூஜ்யம்: பிட்காயின் அப்கிரேட்டுக்கு எங்கே ஓட்டுப் போடுவது? என் வாலட்டில் அப்படி ஒரு பட்டனையே காணோம்.

ஓட்டு இருந்தால்தானே பட்டன் இருக்கும்! பிட்காயின் வைத்திருப்பதாலேயே யாருக்கும் வாக்குரிமை வந்துவிடாது. மைனர்கள் தாங்கள் உருவாக்கும் பிளாக்கில் ஒரு பிட்டை மாற்றி வைத்து 'நாங்கள் தயார்' என்று காட்டுவார்கள். அதைத்தான் பலர் வாக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செக்விட் என்ற பிட்காயின் அப்கிரேட்டின் கதையைப் பாருங்கள். 2016 பிளாக் கொண்ட ஒரு சுற்றில் 95 சதவீதம் பிளாக்குகள் தயார் என்று சொன்னால்தான் அது அமலுக்கு வரும் என்று விதி. மாதக்கணக்கில் எண்ணிக்கை அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் பயனர்களில் ஒரு கூட்டம், '2017 ஆகஸ்ட் 1 முதல், செக்விட்டுக்குத் தயார் என்று சொல்லாத பிளாக்கை எங்கள் நோடு (சங்கிலியைச் சரிபார்க்கும் கணினி) ஏற்காது' என்று வேறு மென்பொருளை நிறுவ ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் நிறுவனங்களும் பெரிய மைனர்களும் பேரம் பேசி, 80 சதவீதம் போதும் என்று ஒரு குறுக்கு வழி கண்டார்கள். மிரட்டலும் பேரமும் சேர்ந்து வேலை செய்தன. ஆகஸ்ட் 24 அன்று செக்விட் அமலுக்கு வந்தது. செக்விட்டுக்குப் பதிலாகப் பெரிய பிளாக் கேட்டவர்கள் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 1 அன்று, பிட்காயின் கேஷ் என்று தனியாகப் போய்விட்டார்கள். 2021ல் டாப்ரூட் என்ற இன்னொரு அப்கிரேட் வந்தபோது வரம்பு 90 சதவீதம், சண்டையில்லாமல் முடிந்தது.

எந்த நெட்வொர்க்கானாலும் சரி, கடைசியில் செல்லுபடியாவது எந்த மென்பொருளை எத்தனை பேர் இயக்குகிறார்கள் என்பதுதான். வாக்கெடுப்பு அதற்கு முன் நடக்கும் பேச்சுவார்த்தை.

தேன்சிட்டு: அப்கிரேட் வந்தால் விலை ஏறுமா?

தெரியாது. முதல் பத்தியைப் படியுங்கள்.

கரிசல்: காஸ்மோஸில் ஆட்டம் காயினை ஸ்டேக் செய்திருக்கிறேன் (ஒரு வேலிடேட்டர் பேரில் பூட்டி வைத்திருக்கிறேன்). இதுவரை ஓட்டே போட்டதில்லை. நஷ்டமா?

போட்டிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாமல். நீங்கள் போடாவிட்டால் உங்கள் வேலிடேட்டர் போட்ட ஓட்டே உங்கள் பங்குக்கும் சேரும். நீங்களே போட்டால் அந்த அளவு அவர் கணக்கிலிருந்து கழியும். அவரும் போடவில்லை என்றால் உங்கள் பங்கு எண்ணிக்கையிலேயே வராது. ஆகவே அவர் கமிஷன் எவ்வளவு என்று பார்ப்பதோடு நிற்காமல், பழைய முன்மொழிவுகளில் எப்படி ஓட்டுப் போட்டார் என்றும் பாருங்கள்.

இங்கே 'வேண்டாம்' என்பதோடு 'வீட்டோவுடன் வேண்டாம்' என்று தனியாக ஒரு ஓட்டு உண்டு. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி அது விழுந்தால் முன்மொழிவு தோற்றுவிடும். 2022 நவம்பரில் ஆட்டம் 2.0 திட்டத்தைக் கொண்டுவந்த 82ஆம் முன்மொழிவுக்கு அதுதான் நடந்தது. 'ஆம்' என்றவர்களே அதிகம். ஆனால் வீட்டோ 37 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

நிழல்: என் காயின் எல்லாம் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. அங்கிருந்தே ஓட்டுப் போடலாமா?

பெரும்பாலான இடங்களில் முடியாது. அதைவிட முக்கியம், உங்கள் காயினை வைத்து அவர்கள் போடலாம். சாவி அவர்களிடம்தானே இருக்கிறது.

ஸ்டீம் நெட்வொர்க்கில் 2020ல் இது நடந்தது. அதை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை அந்த பிப்ரவரியில் டிரான் நெட்வொர்க்கின் நிறுவனர் ஜஸ்டின் சன் வாங்கினார். நெட்வொர்க் தொடங்கிய நாட்களில் மைன் செய்த பெரும்பங்கு ஒன்று அந்த நிறுவனத்திடம் இருந்தது. மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியக்ஸ் எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த ஸ்டீமும் பூட்டப்பட்டு, அந்த எடையோடு சன் தரப்புக்கு ஓட்டு விழுந்தது. பிளாக் உருவாக்க ஓட்டில் தேர்வாகும் விட்னஸ்களின் முதல் 20 இடங்களும் அப்படியே கைமாறின. பூட்டியதை முழுசாகத் திரும்ப எடுக்க அப்போது 13 வாரம் ஆகும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு பைனான்ஸும் ஹுவோபியும் ஓட்டைத் திரும்பப் பெற்றன. எக்ஸ்சேஞ்சில் விட்டு வைக்காதீர்கள் என்று நான் எல்லா இடத்திலும் புலம்புவது இதனால்தான்.

நிழல்: பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். சன்னுடைய பங்கை முதலில் முடக்கியது பழைய விட்னஸ்கள்தானே?

ஆமாம். பிப்ரவரி 23 அன்று ஒரு சாஃப்ட் ஃபோர்க் (விதியை இறுக்கும் மென்பொருள் மாற்றம்) போட்டு முடக்கினார்கள். அந்தப் பங்கு வளர்ச்சிப் பணிக்கானது, விட்னஸ் தேர்தலில் இறக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். காசு கொடுத்து வாங்கியதை ஏன் முடக்கினீர்கள் என்பது சன்னின் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது விதியில்தான். ஒரு கணக்கு 30 விட்னஸ்களுக்கு ஓட்டுப் போடலாம். ஒவ்வொரு ஓட்டுக்கும் முழு எடை. பங்கைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. ஆகவே எதிராளியைவிடக் கொஞ்சம் அதிகம் வைத்திருந்தால், பாதி இடம் என்ன, 20 இடமும் உங்களுக்கே. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு யார் முதலில் அடித்தார் என்று சண்டை போட்டுப் பயனில்லை.

கரிசல்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சமூகம் பிரிந்து ஹைவ் தொடங்கியதே, அது சரியான முடிவுதானே?

மார்ச் 20 அன்று பிரிந்தார்கள். பழைய இருப்புகளை நகலெடுத்தபோது சன் தரப்பின் பங்கை மட்டும் விட்டுவிட்டார்கள். பிரிந்துபோகும் உரிமை யாருக்கும் உண்டு. புதுச் சங்கிலியில் யாருக்கு எவ்வளவு என்பது அவர்கள் பாடு. பிறகு ஹைவ் செய்த ஒரு வேலை எனக்குப் பிடிக்கும்: புதிதாகப் பூட்டிய பங்குக்கு 30 நாள் கழித்துத்தான் விட்னஸ் தேர்தலில் எடை.

நிழல்: அப்போ பெரும்பான்மை நினைத்தால் யார் காயினையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்களா?

எடுத்திருக்கிறார்கள் என்கிறேன். 2022ல் ஜூனோ நெட்வொர்க்கில், இலவசமாகக் காயின் பங்கிட்டபோது பல கணக்குகள் வழியாக ஒருவர் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார் என்று சொல்லி, அதைப் பறிக்க 20ஆம் முன்மொழிவு நிறைவேறியது. வாக்கெடுப்பு முடிந்து அப்கிரேட்டும் ஓடியது. சுமார் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள காயின் யாராலும் எடுக்க முடியாத முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. போக வேண்டிய கான்ட்ராக்ட் (சங்கிலியில் தானாக இயங்கும் நிரல்) முகவரிக்குப் பதிலாக ஒரு பரிவர்த்தனையின் ஹாஷை (அடையாளக் குறியீட்டை) நகலெடுத்துக் கோடில் ஒட்டிவிட்டார்கள். அத்தனை வேலிடேட்டர்களும் அந்தக் கோடைத்தான் நிறுவினார்கள். யாரும் அந்த வரியைச் சரிபார்க்கவில்லை. பிறகு இன்னொரு அப்கிரேட் போட்டு மீட்டார்கள்.

பறித்தது சரியா என்று இன்னும் நாலு நாள் பேசலாம், நிழல். எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

வெண்பா: எதீரியத்தில் யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

யாரும் இல்லை. முன்மொழிவுகளைக் கிளையன்ட் (நோடை இயக்கும் மென்பொருள்) எழுதுபவர்கள் பொது அழைப்பில் விவாதித்து, ஒத்த கருத்து வந்ததும் மென்பொருளில் சேர்க்கிறார்கள். 2016ல் டிஏஓ (எதீரியத்தில் இயங்கிய பொது முதலீட்டு நிதி) திருட்டுக்குப் பிறகு காயின் எடையில் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. மொத்தக் காயினில் சிறு பகுதியே கலந்துகொண்டது. அதையும் ஒரு ஆதாரமாகக் காட்டித்தான் ஜூலை 20 அன்று, திருடுபோனதை மீட்கும் ஹார்ட் ஃபோர்க் (பழைய மென்பொருளோடு ஒத்துப்போகாத விதிமாற்றம்) நடந்தது. ஏற்காதவர்கள் பழைய சங்கிலியிலேயே இருந்தார்கள். அதுதான் எதீரியம் கிளாசிக்.

சிலம்பு: டெசோஸ், போல்காடாட் இரண்டில் எது மேல்?

டெசோஸில் கோடே ஓட்டுக்கு வருகிறது, 80 சதவீதம் 'ஆம்' வேண்டும், ஜெயித்தால் தானாக அமலாகும். போல்காடாட்டில் காயினை நீண்ட நாள் பூட்டச் சம்மதித்தால் ஓட்டின் எடை 6 மடங்கு வரை ஏறும். பூட்டாவிட்டால் பத்தில் ஒரு பங்குதான். முடிவின் விளைவை இருந்து அனுபவிக்கப் போகிறவருக்கு எடை அதிகம் என்பதால் என் ஓட்டு இதற்கு.

தேன்சிட்டு: டெசோஸ் விலை ஏறுமா?

வேண்டாம், தேன்சிட்டு.

மின்மினி: ஓட்டுப் போட ஒரு லிங்க் வந்தது. வாலட்டைத் திறக்கும் 12 ரகசிய வார்த்தைகளைக் கேட்கிறது.

மூடுங்கள். எந்த வாக்கெடுப்புக்கும் அந்த வார்த்தைகள் தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மீதமுள்ளதை இப்போதே புது வாலட்டுக்கு மாற்றுங்கள்.

ஓடை: பிரிந்த காயினுக்கு வரி உண்டா?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

கரிசல்: அப்கிரேட் நாளில் ஸ்டேக் செய்தவர் ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். காஸ்மோஸ் வகையில் பெரிய அப்கிரேட் என்றால், குறித்த பிளாக் எண் வந்ததும் சங்கிலி நிற்கும். நாங்கள் புது மென்பொருளை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் சேரும் சதவீதம் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஓட்டு எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால்தான் அடுத்த பிளாக். 'ஆம்' என்று ஓட்டுப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் தூங்குகிற வேலிடேட்டர்களும் உண்டு. அவர்கள் எழும்வரை உங்கள் பரிவர்த்தனை எதுவும் போகாது.