மருதாயிக்கும் அர்ஜுனனுக்கும் என்ன உறவு?

கேள்வி: என் அப்பாயியின் பெயர் மருதாயி. மருதமரத்தை வைத்து வந்த பெயர் என்று அவரே சொல்லுவார். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகளோ, அந்த மரத்தின் அறிவியல் பெயர் 'டெர்மினாலியா அர்ஜுனா' என்கிறாள். மகாபாரத அர்ஜுனன் எங்கள் மருதமரத்தில் எப்படி வந்து ஏறினான்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அர்ஜுனன் வந்து ஏறவில்லை அம்மா. அந்தப் பெயர் மரத்துக்கே உரியது.

வடமொழியில் 'அர்ஜுன' என்றால் வெண்மை, ஒளி என்று பொருள். ஏன் வெண்மை என்று தெரிய வேண்டுமானால், காலையில் காவிரிக் கரையில் ஒரு பெரிய மருதமரத்தடியில் போய் நில்லுங்கள். பட்டை அகல அகலமாக உரிந்து காலடியில் கிடக்கும். உரிந்த இடம் வழவழவென்று, விபூதி பூசிய மாதிரி வெளிறியிருக்கும். கீழே கிடக்கும் பட்டையைத் திருப்பினால் உட்புறம் இளஞ்சிவப்பு. மலைக்காட்டில் இருக்கும் இதன் உறவான கருமருது அப்படியில்லை. அதன் பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இரண்டையும் பார்த்தவர்களுக்கு நம் ஆற்றங்கரை மரத்தை வெண்மருது என்று ஏன் சொல்கிறோம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் 'வீரனின் நினைவாக வைத்த பெயர்' என்று தேர்வில் எழுதிவிடுவார். ஒரு ஆளின் பெயரை உயிரினத்துக்கு வைத்தால், 'இன்னாருடைய' என்று பொருள்படும் லத்தீன் விகுதியைச் சேர்ப்பது வழக்கம். இமயமலைப் பைன் ஒன்று 'பைனஸ் ராக்ஸ்பர்கீ', அதாவது ராக்ஸ்பர்க்குடைய பைன். 'அர்ஜுனா'வில் அந்த விகுதி இல்லை. ஊர்க்காரர்கள் மரத்தை அழைத்த பெயரை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் அதே ராக்ஸ்பர்க்தான், கல்கத்தா தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டவர். அவர் வைத்த முழுப்பெயர் 'பென்டாப்டெரா அர்ஜுனா'. பென்டாப்டெரா என்றால் ஐந்து சிறகு. மருதங்காய் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், நெட்டுக்கு ஐந்து சிறகுகள் விரலில் தட்டும். பிறகு 1834-இல் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் இதைக் கடுக்காய், தான்றிக்காய் இருக்கும் டெர்மினாலியா கூட்டத்தில் சேர்த்தார்கள். முன்பெயர் மாறியது, அர்ஜுனா மட்டும் நிலைத்துவிட்டது. வைட் நம் சென்னை மாகாணத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். மருதமரம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

சரி, வீரனுக்கு எப்படி அந்தப் பெயர்? விராட பருவத்தில் அவனே உத்தரனிடம் தன் பத்துப் பெயர்களையும் சொல்லி விளக்குகிறான். தன் நிறம் உலகில் அரிது, தன் செயல் மாசற்றது, அதனால் அர்ஜுனன் என்கிறான். ஆக வீரனுக்கும் மரத்துக்கும் ஒரே சொல்லிலிருந்து தனித்தனியாகப் பெயர் வந்திருக்கிறது. ஒருவரைப் பார்த்து மற்றவருக்கு வைத்ததில்லை. அந்தச் சொல்லின் வேர் இன்னும் தூரம் போகிறது. வெள்ளிக்கு லத்தீனில் 'அர்ஜென்டம்', அர்ஜென்டினா நாட்டுக்கு அதனால்தான் பெயர். நாம் கடைந்து சாப்பிடும் பண்ணைக்கீரையின் அறிவியல் பெயர் 'செலோசியா அர்ஜென்டியா', வெள்ளி போன்றது என்று பொருள். மரமும் வில்லாளியும் கீரையும் ஒரே வேரில் வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 'மருது என்பதே அர்ஜுனம்' என்று ராக்ஸ்பர்க்குக்கு வெகுகாலம் முன்பே எழுதிவைத்த ஊர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருவிடைமருதூரில் தலமரம் மருது. அந்த ஊருக்கு வடமொழிப் பெயர் மத்தியார்ஜுனம். இடை என்பது மத்தியம், மருது என்பது அர்ஜுனம். ஸ்ரீசைலத்து மல்லிகார்ஜுனம் தலைமருது, தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கடைமருது, நடுவில் இருப்பது உங்கள் ஊர்ப் பக்கத்து இடைமருது. உரலோடு தவழ்ந்த கண்ணன் முறித்த இரட்டை மரங்களும் வடமொழியில் அர்ஜுனம்தான். ஆழ்வார்கள் அதை மருது என்றே பாடினார்கள்.

ஆள்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சங்கப் புலவர் மருதன் இளநாகனார், 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள், கோவைப் பக்கம் மருதமலையை வைத்து மருதாசலம், அப்புறம் மருதமுத்து, மருதப்பன், மருதையன். வயலும் ஆறும் சேர்ந்த நிலத்துக்கே மருதம் என்று பெயர் வைத்தவர்கள் நாம். சிலப்பதிகாரம் வைகைத் துறையை 'மருதோங்கு முன்றுறை' என்கிறது. இவ்வளவு பேர் இருந்தும், இன்றைக்குத் தொட்டிலில் போடும் பிள்ளைக்கு மருதாயி என்று வைக்கக் கூச்சப்படுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்கள் மகளின் பாடப்புத்தகத்தில் இருப்பது அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பெயர்தான். அவளிடம் ஒரு மருத இலையைக் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். காம்புக்குப் பக்கத்தில் மருப்போல இரண்டு சுரப்பிகள் இருக்கும். மரத்தை அடையாளம் காண அது உதவும்.

கேள்வி: மாருதி, மருதாணி என்ற பெயர்களும் மருதிலிருந்து வந்தவையா? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: இல்லை. மாருதி உங்கள் ஊர் ஆஞ்சநேயரின் பெயர். 'மருத்' என்றால் காற்று, காற்றின் மகன் மாருதி. மருதாணி என்பது மருதோன்றி என்ற பெயர் பேச்சில் தேய்ந்தது. அந்தச் செடி வேறு, குடும்பமும் வேறு. ஆனால் கோடையில் கசங்கிய பட்டுத்துணி மாதிரி ஊதா இதழ்களோடு பூக்கும் பூமருது இருக்கிறதே, அது பெயரில் மட்டும்தான் மருது. செடிகளின் கணக்கில் அது மருதாணியின் குடும்பம்.